பின்னறை வாசல்

பின்னறை வாசலை மேசன் அளந்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, என்னை இந்த வீட்டிலிருந்து கிளப்பப் போகிறார்கள் என்று.

காலை ஒன்பது மணி இருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். மருமகன் கந்தோருக்குப் போய்விட்டார். நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். மேசன் கேற்றைத் திறந்துகொண்டு வந்து, எனக்கு ஒரு தலையாட்டு வைத்துவிட்டு நேரே உள்ளே போனான். வீட்டுக்காரனைக் கேட்காமல் உள்ளே போகிறவனைப் பார்த்தால், எங்கே போகவேண்டும் என்று அவனுக்கு யாரோ முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நானும் பின்னாலே போனேன். பின்னறை நிலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்ன அளக்கிறாய்?”

“மகள் அளந்துட்டுப் போகச் சொன்னவ ஐயா. வாசல மூண்டரை அடிக்கு அகட்டணுமாம்.”

“எதுக்கு?”

“தெரியா ஐயா. சொன்னத்த செய்யிறன்.”

இரண்டரை அடி வாசல் போதாத அறையில் அப்படி என்ன வரப்போகிறது? அந்த அறையில் இரண்டு நெல்மூட்டையும் என் மனைவியின் தையல் மெசினும்தான் கிடந்தன. மேசன் போன பிறகு நான் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கணக்குச் சரியாக வந்தது.

நான் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். கள்ளக் காணி உறுதிப் பத்திரம் என் மேசைக்கு வந்தால் வாசிக்கும் முன்னமே மூக்கு சொல்லிவிடும். நாற்பது வருடப் பழைய உறுதி என்பார்கள், குத்தியிருக்கிற பின்னில் துரு இருக்காது. கிழவி கைநாட்டு வைத்தது என்பார்கள், பெருவிரல் அடையாளம் பொடியனுடையது போலக் கொழுத்துக் கிடக்கும். முன்னால் நிற்கிறவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பேன். நான் வாய் திறக்க முன்னமே பாதிப்பேர் வியர்த்துப்போவார்கள். இளைப்பாறி பன்னிரண்டு வருடமாகிறது. கதிரையை விட்டு வந்தேனே தவிர அந்தப் பார்வையை விட்டு வரவில்லை. என் மனைவி உயிரோடு இருக்கும்போது, “மீன்காரனையும் அப்புடிப் பாக்காதிங்க, அவன் பாவம்” என்பாள். மீன்காரன் பாவமே இல்லை என்பது வேறு கதை.

எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை தாயின் வீட்டில் பிறந்து, கல்யாணத்தன்று பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போவான். வயது போனபின் அதே வீட்டில் இருப்பான், ஆனால் வீடு அதற்குள் மகளுடையதாகியிருக்கும். மூன்று பெண்களின் வீட்டில் இருந்துவிட்டுச் செத்துப்போகிறவன்தான் எங்கள் ஊர் ஆண். யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் இந்த வீடு என் மனைவிக்கு அவள் தாய் கொடுத்தது. மகளுக்குக் கல்யாணம் பேசியபோது நாங்கள் அவளுக்கு எழுதினோம்.

எழுதும்போது சீவிய உரித்து என்று ஒன்று வைப்பார்கள். வீடு மகள் பெயரில், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அவளை அதிலிருந்து ஒருவரும் எழுப்ப முடியாது என்பதுதான் அது. எங்கள் உறுதியிலும் அது இருக்கிறது, என் மனைவியின் பெயருக்கு மட்டும். என் பெயர் இல்லை. உறுதி எழுதிய நொத்தாரிசு விட்ட பிழை அல்ல. வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

அன்றைக்கு என் மனைவி கேட்டாள், “உங்கட பேரையும் போடுங்களன், என்ன குறஞ்சா போகுது?” நான் சிரித்தேன். அவளைவிட எட்டு வயது மூத்தவன் நான். சீனி வருத்தம் வேறு. “நான் உனக்கு முன்னுக்குப் போயிடுவன். மறுகா என்ட பேர் அதுல எதுக்கு?” என்றேன். அது மட்டுமல்ல, சொந்த மகளின் வீட்டில் இருக்கத் தகப்பன் எழுத்தில் உரித்து வாங்குவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகவும் பட்டது. முப்பத்தொரு வருடத்தில் அப்படிப்பட்ட உறுதிகளை எத்தனை பதிந்திருப்பேன்! எல்லாவற்றிலும் தாயின் பெயர் மட்டும்தான். புருஷன்மார் முதலில் போய்விடுவார்கள் என்று ஊர் முழுக்க நம்பி எழுதிக்கொண்டிருந்தது. நானும் நம்பிப் பதிந்துகொண்டிருந்தேன்.

அவள் போய் இரண்டு வருடம். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ஆளில்லை. அவளோடு சீவிய உரித்தும் போனது. இந்த வீட்டு முற்றத்துப் பந்தலில் கிடத்தி, இந்த வாசலால் தூக்கிக்கொண்டு போனோம். எனக்குச் சாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் பெரிய பயம் அதுவல்ல. என்னையும் அதே வாசலால் தூக்கிப் போகவேண்டும். வேறெங்கோ ஒரு கட்டிலிலிருந்து, முகம் தெரியாதவர்கள் வெள்ளைச் சீலை போட்டு மூடி, வான் வண்டியில் ஏற்றக்கூடாது. இந்த வயதில் நான் ஆசைப்பட்டது அதற்கு மட்டும்தான். அதைக் காப்பாற்ற என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

மேசன் வந்த பிறகு மற்றவையெல்லாம் தானாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. மருமகன் தொலைபேசியில் கதைக்க முருங்கை மரத்தடிக்குப் போனார். நான் விறாந்தைக்கு வந்தால் குரலைத் தணித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கல்லடிப் பக்கம் போய்ப் பின்னேரம்தான் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “சும்மா, ஒரு அலுவல் மாமா” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பொய் சொல்லும்போது செருப்பைப் பார்ப்பார்.

ஒருநாள் கடையிலிருந்து பளபளக்கும் இரும்புக் கைப்பிடி இரண்டு வந்தது, கக்கூஸ் சுவரில் பூட்டுவதற்கு. நான் ஒருநாளும் வழுக்கி விழுந்தவன் இல்லை. இன்னொரு நாள் மகள், “அப்பா, குந்துற கக்கூச மாத்திக் கொமட் வைப்பமா?” என்றாள். அதோடு எனக்கு முழுப்படமும் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுக்காரர் வாவிப்பக்கத்து அறைகளை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அகலமான வாசல், கைப்பிடி, கொமட். பின்னறையின் யன்னலைத் திறந்தால் வாவி. எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தாத ஒரே சாமான் விறாந்தையில் சாறனோடு குந்தியிருக்கும் கிழவன்தான்.

இதற்கிடையில் மகளின் அன்பும் கூடிவிட்டது. கேட்காமலே மீன்தலை என் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. இரண்டு சாறன் புதிதாக வந்தது. ஓய்வூதியக்காரன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் என்று கிராம சேவகர் வருடாவருடம் கையெழுத்து வைக்கிற படிவம் ஒன்று உண்டு. அதை மருமகன், “நீங்க அலையாதிங்க மாமா, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார். நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்பதை வேறொருவர் கையில் கொடுக்க நான் என்ன மடையனா? வெயிலில் நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கூடின அன்பை நான் கந்தோரிலும் கண்டிருக்கிறேன். உறுதி எழுதுவிக்க வரும் நாளில் சில பிள்ளைகள் தாயின் கையைப் பிடித்துப் படியேற்றிவிடுவார்கள்.

கடைசியில் அந்த லாச்சி. மூக்குக்கண்ணாடி தேடி மகளின் மேசை லாச்சியைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி என் நெற்றியில்தான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளே மடித்த ஒரு படிவம். தலைப்பில் தடித்த எழுத்தில் முதியோர் இல்லம் என்றும், கீழே அனுமதிக்கான விண்ணப்பம் என்றும் இருந்தது. கல்லடி முகவரி. குசினிப் பக்கம் காலடி கேட்டதும் அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான உறுதிகளை முதல் எழுத்திலிருந்து கடைசிச் சாட்சி வரை வாசித்தவன், அன்றைக்குத் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன். வாசித்தது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே வாவிப் பாலத்தைத் தாண்டிப் பழைய கந்தோருக்குப் போனேன். எனக்குக் கீழே வேலை பழகியவர் இப்போது அங்கே பெரிய கதிரையில் இருக்கிறார். பதிவேட்டில் எங்கள் வளவின் பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். எடுத்துத் தந்தார். ஈடு இல்லை, விற்பனை இல்லை, எங்கள் சீதன உறுதிக்குப் பிறகு ஒரு எழுத்தும் விழவில்லை. சந்தோசப்பட்டேனா? இல்லை. இன்னும் பதியவில்லை என்றால் இனிமேல்தான் பதியப்போகிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகம் வந்தவனுக்கு வெறும் பக்கமும் ஒரு சாட்சிதான்.

அந்தக் கிழமையே மேசன் சுத்தியலோடும் உளியோடும் வந்தான். சனிக்கிழமை, எல்லாரும் வீட்டில். நான் பின்னறை வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன்.

“அப்பா, கொஞ்சம் எழும்புங்க. தூசி பறக்கும்” என்றாள் மகள்.

“எழும்ப மாட்டன். நான் கிடக்கும்வரைக்கும் இந்த வீட்டுல ஒரு கல்லும் அசையாது. என்ட கட்டை போனாப்பிறகு வாசல வெட்டுங்க, கூரையக் கழட்டுங்க. ஆரக் கொண்டந்து வைக்கப் போறீங்களோ வையுங்க. அதுவரைக்கும் இஞ்ச ஒருத்தரும் வரப்படாது!”

மருமகனின் முகம் செத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மேசன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். மகள் குசினியில் நின்று அழுதது எனக்குக் கேட்டது. எனக்கு ஒரு சொட்டு உரித்தும் இல்லாத வீட்டில் உரித்துக்காரன் மாதிரிச் சத்தம் போட்டு வென்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வீடு அடங்கிப்போனது. கைப்பிடி இரண்டும் பிளாஸ்டிக் உறையோடு கதவு மூலையில் சாய்ந்து கிடந்தன. மீன்தலை மட்டும் வழமைபோல் என் கோப்பைக்கு வந்தது. மருமகன் என்னோடு மரியாதையாகக் கதைத்தார், தேவைக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நிற்கவில்லை. இப்போது ஒரு சோற்றுக் கரியரும் கூடப் போனது. இரண்டு மாதம் இப்படி ஓடியது. எனக்கு இருக்க முடியவில்லை. அனுப்புவதென்றால் எந்த இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நானே முதலில் பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். வாங்கப்போகும் காணியை ஒருதரம் கால்பதித்துப் பார்க்காமல் யாராவது உறுதி முடிப்பார்களா?

ஒரு புதன்கிழமை, மகள் பள்ளிக்கூடம் போனதும் வேட்டி கட்டி, சேட் போட்டு, கல்லடிக்கு பஸ் ஏறினேன். படிவத்தில் பார்த்த ஒழுங்கையின் பெயர் மறக்கவில்லை. கடற்கரைப் பக்கமாக ஒரு மஞ்சள் கட்டடம். கூட்டித் துப்புரவாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்று. பொறுப்பாக இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

“ஆரப் பாக்க வந்தனீங்க ஐயா?”

“ஆரையும் இல்ல. இடத்தப் பாக்க வந்தன்.”

“உங்களுக்கா?”

“எனக்குத்தான் போல.”

அவர் சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். வருத்தம் என்ன, மருந்து என்ன, தானாகக் குளிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அதே குரலில், “கடைசிக் காலத்துல ஆருக்கு அறிவிக்கிற? இஞ்சயே எல்லாம் முடிக்கிறதா, வீட்டுக்காரர் வந்து எடுப்பாங்களா?” என்றார். வழமையான கேள்விதான், எல்லாரிடமும் கேட்பதுதான். வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வீடே இல்லையே என்று அங்கேயே அழுதுவிடுவேன் போலிருந்தது. “முதல்ல இடத்தப் பாக்கிறன்” என்று எழும்பிவிட்டேன்.

நீளமான விறாந்தை. ஒரு பக்கம் ஆண்கள், அடுத்த பக்கம் பெண்கள். பெண்கள் பக்கத்தைக் கடந்துதான் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகவேண்டும். பாதி வழியில் யன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணன்!”

திரும்பினேன். மருமகனின் தாய்.

இவரைப் பற்றி நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அந்த நாட்களில் நான் இவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கதிரவெளியில் தனியாக இருந்தவர். புருஷன் கடலுக்குப் போனவர், எப்போதோ இறந்துவிட்டார். இரண்டும் ஆண்பிள்ளைகள். மூத்தவன் வெளிநாடு, இளையவர் எங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்தார். பெண்பிள்ளை இல்லாத தாய் எங்கள் வழக்கத்தில் எங்கும் போக முடியாத ஆள். மகள்மார் வீட்டில் தாய் இருப்பாள், மருமகள் வீட்டில் இருக்க மாட்டாள். மாரி மழையில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஒருதரம் போய்ப் பார்த்தேன். இனி நடக்கமாட்டார் என்றார்கள். பிறகு, அவரை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று மருமகன் சொன்னார். செருப்பைப் பார்த்தபடிதான் சொன்னார். ஊர் முழுவதையும் சந்தேகப்படுகிற நான் அதை மட்டும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தால் அடுத்த கேள்வி என் வீட்டு வாசலுக்கு வரும் என்று உள்ளே எங்கோ தெரிந்திருக்கும்.

அவர் ஒரு கையை ஊன்றிப் பாதி எழும்பி, என் வேட்டியையும் சட்டையையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“அண்ணனையும் கொண்டந்து விட்டுட்டாங்களா?”

எனக்காகத்தான் கலங்கினார். அது எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கட்டிலின் கால்மாட்டில் இருந்துவிட்டேன்.

“இல்ல தங்கச்சி. சும்மா… உங்களப் பாக்கத்தான்.”

“அப்பாடா. நான் பயந்துபோனன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்கட மகள் தங்கமான புள்ள. அவ அப்புடிச் செய்யமாட்டா. எனக்கும் ஒவ்வொரு கிழமையும் சோறு குடுத்தனுப்புறா. இஞ்ச நான் ரெண்டு கிழமைக்கெண்டுதான் வந்தன் அண்ணன். பின்னறை வாசல் என்ட சில்லுக் கதிரைக்குக் காணாதாம். அதை அகட்டினதும் கூட்டிட்டுப் போறன் எண்டு மகன் சொன்னவன். மேசன்தான் வாறானில்லயாம். இண்டைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு ரெண்டு மாசமா ஏமாத்துறானாம்.”

கட்டிலின் பக்கத்தில் அந்தச் சில்லுக் கதிரை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் மடித்த சீலைகள், ஒரு சீப்பு, ஒரு சாமிப்படம். எப்போது கூப்பிட்டாலும் கிளம்புவதற்கு ஆயத்தமாக வைத்திருந்தார்.

மேசன் ஏமாற்றுகிறானாம். அந்தப் பொய்யை மருமகன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டிலில் இருந்து சொல்லியிருப்பார்? மாமனார் கதிரையைப் போட்டு மறித்தார் என்று பெற்ற தாயிடம்கூட அவர் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அந்த மனிதர் இரண்டு மாதம் செருப்பைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். வெட்கம் என்ற சொல்லை நான் எத்தனையோ தரம் பாவித்திருக்கிறேன். அது உடம்பில் எங்கே வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது இரண்டும் கொதித்தன.

“அந்த மேசன் வந்தானா அண்ணன்?” என்று கேட்டார். மெதுவாக, தொல்லை கொடுக்கிறோமோ என்ற தயக்கத்தோடு கேட்டார்.

“வந்தான்” என்றேன். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். “வந்து எல்லாம் முடிச்சிட்டான். வாசல் அகட்டியாச்சு. அதச் சொல்லத்தான் நான் வந்தன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அண்டைக்குக் கூட்டிட்டுப் போவம்.”

முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன், கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஒரு ஓட்டோவைப் பிடித்து நேரே மேசனின் வீட்டுக்குப் போனேன். அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

“ஐயா, நான் அந்தப் பக்கமே வரல்ல…”

“இப்ப வா. உடனே வா. இண்டைக்கும் நாளைக்கும் வேற வேல ஒண்டும் உனக்கில்ல.”

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தபோது வீடு முழுக்கத் தூசி. நிலையைக் கழற்றிச் சுவரை ஒரு அடி உடைத்தாயிற்று. நெல்மூட்டைகளும் தையல் மெசினும் ஹோலில் கிடந்தன. நான் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் புத்தகப் பையோடு அப்படியே நின்றாள். நான் கந்தோரில் ஆட்களைப் பார்ப்பேனே, அதே பார்வை பார்த்தாள். என் மகளல்லவா.

“என்னப்பா செய்யிறீங்க?”

“வாசல அகட்டுறன். மூண்டரை அடி எண்டுதானே சொன்னாய்?”

“ஆரு சொன்னது உங்களுக்கு?”

“நான் கல்லடிக்குப் போய்ப் பாத்தன்.”

அவள் பையை வைத்துவிட்டு அந்த நெல்மூட்டையிலேயே இருந்துவிட்டாள். மேசன் ஏதோ அலுவல் போல வளவுக்குள் இறங்கிப்போனான்.

“என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே புள்ள” என்றேன்.

“எப்புடிச் சொல்ற? ஆஸ்பத்திரி விறாந்தைல நிண்டு நீங்க என்ன சொன்னீங்க? மருமகள்ட வீட்டுல மாமியார் வந்து கிடக்கிறது எங்கட ஊர்ல எங்க நடந்திருக்கு, சனம் சிரிக்கும் எண்டு சொன்னீங்க. அவர் பின்னுக்குத்தான் நிண்டவர். கேட்டுட்டார். அறைய முதல்ல ஆயத்தப்படுத்திட்டு மெதுவாச் சொல்லுவம் எண்டுதான் இருந்தம். மறுகா அண்டைக்கு நீங்க, இஞ்ச ஒருத்தரும் வரப்படாது எண்டு கத்தினீங்க. அதுக்குப் பிறகு நான் என்னத்தச் சொல்ற?”

நான் அந்த வார்த்தைகளை ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சந்தேகமும் இல்லை. அது என் வசனம்தான். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

“என்னத்தான் அனுப்பப்போறீங்க எண்டு நினச்சன்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அது வந்திருந்தால் தாங்கியிருப்பேன். “உங்களையா?” என்றாள். “இந்த வீட்ட உட்டா?” அவ்வளவுதான் கேட்டாள். பிறகு எழும்பிச் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

பின்னேரம் மருமகன் வந்து, உடைத்த வாசலையும் தூசி படிந்த எங்கள் இருவரின் தலையையும் பார்த்தார். யாரும் ஒன்றும் விளக்கவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து சீமெந்து குழைக்கப் போனார். போகும்போது என்னைத் தாண்டுகையில், “விலகுங்க மாமா, பாரம் தூக்காதிங்க” என்றார். இரண்டு மாதத்தில் தேவைக்கு மேலே அவர் என்னோடு கதைத்த முதல் கதை அது.

வியாழக்கிழமை நிலை வைத்துப் பூசினார்கள். கைப்பிடியும் பூட்டினார்கள். கொமட்டுக்கு நாளில்லை, கக்கூசில் வைக்க நடுவில் ஓட்டையுள்ள கதிரை ஒன்றை வாங்கி வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் மருமகன் ஒரு வான் பிடித்துக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். அங்கே அவரின் தாய் விடியவே சீலை மாற்றி, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு சில்லுக் கதிரையில் இருந்தார். மகனைக் கண்டதும் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது.

வழி முழுக்க அவர் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கேற்றடிக்கு வந்ததும் மட்டும் குரல் இறங்கியது. “அண்ணன், சனம் ஏதும் சொல்லாதா? மருமகள்ட வீட்டுல…”

“சொல்லட்டும் தங்கச்சி. எனக்கும் இந்த வீட்டுல ஒரு உரித்தும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து இருப்பம்.”

அதைச் சொன்னபோது ஒரு பாரம் இறங்கியது. இரண்டு வருடமாக நான் ஒருவரிடமும் சொல்லாத சங்கதி அது. மகள் கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், கேட்டிருப்பாள். கேட்டால் கேட்கட்டும்.

மருமகன் சாமான்களை இறக்கப் போனார். சில்லுக் கதிரையை நானே தள்ளிக்கொண்டு விறாந்தையால், ஹோலால், பின்னறைக்குக் கொண்டுபோனேன். வாசலுக்குக் கிட்டப் போனதும் அவர் கையை உயர்த்தி, “கொஞ்சம் நில்லுங்க” என்றார். நின்றேன். கையை நீட்டிப் பூச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“சீமெந்து இன்னும் காயல்லயே அண்ணன்.”

அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனை பேரை நான் நிறுத்தி வைத்திருந்தேன். வியர்வை என் முதுகால் இறங்கியது. மேசன்தான் இரண்டு மாதம் ஏமாற்றினான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. புதன்கிழமை நான் முடிந்துவிட்டதாகச் சொன்ன வாசலுக்கு முன்னால் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவர் விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். பையைச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பரவால்ல” என்றார். “பாத்துத் தள்ளுங்க அண்ணன். உங்கட வேட்டில பட்டிரும்.”